பென்சிலில் எழுதிய எண்

தமிழ்ப் படிவம் முடிந்துவிட்டதாம்.
சிங்களத்தில் ஒன்று வாங்கி
கொட்டாஞ்சேனைச் சந்தியில் போட்டோகொப்பி எடுத்தேன்,
பிழைவிடுவதற்கென்று இரண்டு பிரதி கூடுதலாக.

முழுப்பெயர்: சூசைதாசன் மெரில்டா.
பெட்டிக்கு ஓர் எழுத்து.
இசட் புள்ளி, தசமத்துக்குப் பின் நான்கு இடம்,
அது தூக்கத்திலும் வரும்.
முகவரி: நூற்றுப்பன்னிரண்டு, சாய்கோடு, நாற்பத்தேழு.
எங்கள் தோட்டத்தில்
எல்லோருமே சாய்கோட்டுக்குப் பின்னால்தான் குடியிருக்கிறோம்.

தகப்பனின் தொழில்: நாட்டாமி.
ரியூஷனில் பக்கத்தில் இருந்த வவுனியாக்காரி
ஒருமுறை கேட்டாள்,
"ஊர்ப் பெரிய மனுஷரா உன் அப்பா?"
இல்லையடி,
நாலாம் குறுக்குத் தெருவில் வெங்காய மூட்டை.

வருட வருமானம்.
இங்கேதான் பேனை நின்றது.
அப்பாவிடம் வருடம் இல்லை, மாசம்கூட இல்லை.
நாள்தான் இருக்கிறது.
லொறி வந்த நாள், வராத நாள்,
போயா, மழை, இடுப்புப் பிடித்த நாள்.
சம்பளத் துண்டு இல்லாத மனுஷனைப்
பன்னிரண்டால் எப்படிப் பெருக்குவது?

ஜீ.எஸ். கந்தோரில் செவ்வாய்க்கிழமை.
மின்விசிறி சுற்றியது, காற்று வரவில்லை.
சந்தமாலி மிஸ் தலை நிமிராமல் கேட்டார்,
மாசம் எவ்வளவு?
அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்:
"அனூதாஹக்."

தொண்ணூறாயிரம்!
நான் அப்பாவின் முழங்கையை இடித்தேன்.
கல்லை இடித்ததுபோல் இருந்தது.
மிஸ் எழுதிக்கொண்டார்.
அந்த எண்ணோடு போனால்
எனக்குக் கிடைக்கிற உதவிப்பணம்
ஒரு பிளேன்டீக்குக் காணாது.

லூசியா கோயில் மதில் முடியும்வரை
நான் வாய் திறக்கவில்லை.
நூற்றைம்பத்தைந்து ஒன்று நிற்காமல் போனது.
அப்பா சரத்தை உயர்த்திக் கட்டிக்கொண்டு
ரோட்டைப் பார்த்தே சொன்னார்:
"பின்னால எஸ்தர் கேட்டுக்கிட்டு நின்னாள், புள்ள."

இரவு, பழுதாய்ப்போன பிரதியின் முதுகில்
கணக்குப் போட்டோம்.
அப்பாவுக்கு எல்லா லொறியும் ஞாபகம்.
எந்தக் கிழமை தம்புள்ளையிலிருந்து வந்தது,
எது இறக்காமலே திரும்பியது,
யார் கூலியை நாளைக்கு என்றான்.
அம்மா குசினிக்குள்ளிருந்து சத்தம் வைத்தாள்:
"தைலம் வாங்கினதையும் கழி."
கழிக்க இடமில்லை என்றேன்.
"அப்ப படிவம் பிழை" என்றாள்.

முப்பத்தெட்டாயிரம்.
அப்பா அந்த எண்ணைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்,
தன் எக்ஸ்ரேயைத் தானே பார்ப்பதுபோல.
அவரும் இதுவரை கூட்டிப் பார்த்ததில்லையாம்.

வியாழக்கிழமை வேலைக்குப் போகவில்லை.
அப்படியென்றால் முப்பத்தெட்டும் இல்லை,
அதைக் கணக்கில் சேர்ப்பதா என்று நான் கேட்கவில்லை.
ஏழு மணிக்கே வரிசையில் முதல் ஆள்.
எஸ்தர் அக்கா இன்னும் வரவில்லை.
இருந்தும் அப்பா மேசைக்குக் குனிந்து
பாவசங்கீர்த்தனம்போல் மெதுவாகச் சொன்னார்:
"திஸ்அட்டதாஹக்."

மிஸ் லாச்சியைத் திறந்து அழிறப்பர் எடுத்தார்.
தொண்ணூறு பென்சிலில்தான் இருந்தது.
"தோப்பன்மார் முதல்ல சொல்றது,
நான் பேனையில எழுதுறது இல்ல" என்றார்
உடைந்த தமிழில்,
அழித்த தூசியை ஊதிக்கொண்டே.
பிறகு முத்திரை. ஒரு தரம் சரியாகப் பதியவில்லை.
இன்னொரு தரம்.

தபாற்கந்தோரில் உறையைத் தராசில் வைத்தார்கள்.
பிறப்புச் சான்றிதழ், பெறுபேறு,
தங்கச்சியின் பள்ளிக்கூடக் கடிதம்,
வருமானச் சான்றிதழ்:
அறுபத்திரண்டு கிராம்.
அப்பா எட்டி நின்று எண்ணைப் பார்த்தார்,
நிறுக்கிறவன் களவு செய்கிறானா என்று
மூட்டைக்காரன் பார்ப்பதுபோல.

பதிவுத் துண்டை நாலாய் மடித்துச்
சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.
பதில் வர மூன்று மாசமாம்.
அதற்கிடையில் லொறி வரும்,
வராது.