பதினான்காவது புகார்

வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
போர்ட்டேஜ் அவென்யூவில் பேருந்துக்கு நிற்பவர்களின் மூச்சு
ஆளுக்கொரு வெள்ளை மூட்டையாய் முகத்தின் முன் தொங்குகிறது.
ஆறாம் மாடியில், காப்பீட்டு நிறுவனத்தில்,
மோரீன் டெலார்ம் ஒரு கோப்பு அட்டையால் விசிறிக்கொள்கிறார்.
சுவருக்கு அந்தப் பக்கம்
ஹல்தோர் எய்னார்சன்
விரல் நுனி வெட்டிய கையுறையோடு தட்டச்சு செய்கிறார்.

பதினான்காவது புகார் இது.
முந்தைய பதிமூன்றும் என் பையில் மடங்கிக் கிடக்கின்றன.
எல்லாவற்றின் அடியிலும் ஒரே கிறுக்கல்:
சரிபார்த்தேன். ஒரெஸ்ட்.

என்னத்தைச் சரிபார்த்தேன்?
வடிகட்டியை மாற்றினேன்.
மொட்டைமாடியில் ஏறி, விசிறியின் பெல்ட்டைக்
கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன்,
இறங்குவதற்குள் இமைமயிர் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது.
வெந்நீர் வால்வு சிக்கியிருக்கும் என்று சத்தியமே செய்தேன்.
அதுவோ சொன்ன பேச்சு கேட்டது:
திற என்றால் திறந்தது, மூடு என்றால் மூடியது.
போகும் குழாய் சுட்டது, திரும்பும் குழாய் இளஞ்சூடு,
பாடப்புத்தகத்தில் போட்டிருப்பதுபோலவே.
ஒழுங்காய் இருக்கும் எந்திரத்தைப்போல
ஆத்திரம் மூட்டுவது வேறில்லை.

"அவங்க ரெண்டு பேருக்கும் ஆகாது" என்றார் மேலாளர்.
"பழுது பெட்டியில இல்ல."
நானும் பாதி நம்பிவிட்டிருந்தேன்.

இன்று ஹல்தோர் தேநீர் எடுக்கப் போன நேரம்
அவர் சுவரிலிருந்த தெர்மோஸ்டாட்டை
உள்ளங்கையால் பொத்தினேன்,
காற்றில் தீக்குச்சியைக் காப்பதுபோல.
ஒரு நிமிடம். இரண்டு.
பதினாறு, பத்தொன்பது, இருபத்துமூன்று, இருபத்தாறு.
அறை கொதிக்கிறதென்று நம்பிவிட்டது, பாவம்.
என் தலைக்கு மேல் ஒன்றும் அசையவில்லை.
சுவருக்கு அப்பால் ஒரு தகடு முனகித் திறந்தது.
உஸ்ஸென்று குளிர்காற்று.
பிறகு மோரீனின் குரல்:
"அப்பாடா, யார் செய்த புண்ணியம்!"

ஜூலையில் இங்கே ஒரு தடுப்புச்சுவரை
இரண்டடி நகர்த்தியிருக்கிறார்கள்.
கூரைப்பலகையைத் தள்ளி விளக்கடித்துப் பார்த்தேன்:
இவர் கம்பி அங்கே, அவர் கம்பி இங்கே.
இவர் குளிருகிறதென்று கூட்டக் கூட்ட
அவருக்கு வெந்தது.
அவர் வேகிறதென்று குறைக்கக் குறைக்க
இவருக்கு விறைத்தது.
இப்படி ஏழு மாதம்
மாடிப்படியில் முகம் திருப்பிக்கொண்டு.

மாற்றி இணைக்க நான்கு நிமிடம்.
குறைந்தபட்சக் கட்டணமோ நான்கு மணி நேரத்துக்கு.
மிச்ச நேரத்தை நியாயப்படுத்த
அடுத்த அறைக் கம்பியையும் தொடர்ந்து போனேன்.
அறுநூற்றுப் பத்து. டெல்ஃபின் மக்காரெக், கணக்குப் பிரிவு.
அவருடைய கம்பி
பலகைக்கு மேல் ஒரு முழம் ஏறி,
வெட்டுப்பட்டு, நுனியில் கறுப்பு டேப் சுற்றி
அந்தரத்தில் நின்றது.
எதனோடும் சேரவில்லை.
டேப்பின் மேல் படிந்த தூசிக்குப் பத்து வயதிருக்கும்.

ஏணியில் நான் இறங்க, அவர் நிமிர்ந்தார்.
"பக்கத்தில் எப்போதும் சண்டை.
எனக்கு ஒரு குறையும் இல்லை.
காலையில் வந்ததும் அரை டிகிரி கூட்டுவேன்,
சாப்பிட்டதும் அரை டிகிரி குறைப்பேன்.
நல்ல கருவி. தயவுசெய்து தொட்டுவிடாதீர்கள்."

பலகையைச் சத்தமில்லாமல் பொருத்தினேன்.
அறிக்கையில் இரண்டு அறைகள் மட்டும்.

கீழே என் வேனில்
ஹீட்டர் கண்ணாடிக்குத்தான் சூடு தருகிறது, காலுக்குத் தருவதில்லை.
போன குளிர்காலத்திலிருந்து இப்படித்தான்,
பார்க்க நேரமில்லை.
குமிழை ஒரு சுற்றுத் திருகினேன்.
கொஞ்சம் பரவாயில்லை போலிருந்தது.