நாற்பது வரை எண்ணுதல்

திருக்கடலூர் ஐஸ் கொம்பனியில் எனக்கு இரவு வேலை.
மூன்று மணிக்கு வள்ளக்காரர் வருவார்கள்.
அதுவரை கொம்பிரசரின் முனகல்,
பற்றரி செத்து, வயரில் மட்டும் உயிர் வாழும்
ஒரு பழைய லப்டொப்,
அதற்குள் ஒரு தீவு.

அந்தத் தீவில் வாள் இல்லை,
உயிர்க்கணக்கு இல்லை, காசு பொறுக்குவதில்லை.
கரையில் இறங்கும்போது ஒரு விளக்குத் தருவார்கள்.
முதல் நாள் கையில் இருந்ததுதான்
கடைசி நாளும் இருக்கும்.
கூடுவதெல்லாம் எனக்குத் தெரிந்தது மட்டும்.

எட்டு மாதம் அலைந்தேன்.
ஐஸ் கணக்குக் கொப்பியின் பின்பக்கத்தில்
கண்டதை எழுதிவைத்தேன்:
கிணறு வற்றும்போது உள்ளே படி தெரியும்.
மணி மூன்று தரம் அடித்தால்
நண்டுகள் திரும்பிப் போகின்றன. ஏன்?
தெற்குச் சுவர்: ஒன்றுமில்லை. வெறும் சுவர்.

முதலாளி சிவகடாட்சம் ஒருநாள் அந்தப் பக்கத்தைப் புரட்டி,
"இதார்ர நண்டு? எத்தினை கிலோ?" என்றார்.

புரட்டாதியில் ஓரிரவு
ஊர் முழுக்கக் கரண்ட் போனது.
கொம்பிரசர் நின்றது.
இத்தனை சத்தத்துக்குப் பின்னால்
கடல் ஒன்று இருந்ததை அப்போதுதான் கேட்டேன்.
டோர்ச் எரியவில்லை.
ஃபோன், வெளியே மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள்.
எழும்பப் பஞ்சிப்பட்டு
அப்படியே இருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் ஐஸ் பாளங்கள்
தெரியத் தொடங்கின.
ஒன்று, பிறகு அதன் பின்னால் ஒன்று,
சன்னல் வழி வந்த எந்த மிச்சத்தையோ வாங்கி
மெல்ல வெளுத்து
வரிசையாக.
டோர்ச் எரிந்திருந்தால் கண்டிருக்க மாட்டேன்.

தெற்குச் சுவர்!

கரண்ட் வர நாலு மணியானது.
லப்டொப் தன் நினைவை விழுங்கியிருந்தது.
எட்டு மாதமும் போச்சு.
என் பெயர்கூட இல்லை அதில்.
முதல் கரை, முதல் அலை, கையில் புது விளக்கு.

அழுதிருக்கலாம். நேரமிருக்கவில்லை.
கரையிலிருந்து பதினாறே எட்டு.
சுவருக்கு முன் நின்று விளக்கை அணைத்தேன்.
ஒரு விசையும் தொடாமல்
நாற்பது வரை எண்ணினேன்.
சுவரில் ஒரு கதவு வெளுத்து வந்தது.
பூட்டு, சாவித்துவாரம், ஒன்றும் கிடையாது.
முதல் நாள், முதல் நிமிடம்,
விளக்கை உயர்த்திப் பிடித்து
நான் கடந்து போன அதே இடம்.

"என்ன தம்பி, தனியச் சிரிக்கிறாய்?
எங்கட ஐஸ் எங்க?"
ஈரச் சாரத்தோடு வாசலில் வள்ளக்காரர்.

அதோடு சரி.
இப்போதும் அந்தத் தீவுக்குப் போகலாம்,
தொலையத்தான் முடியாது.
'புதிதாகத் தொடங்கு' என்கிறது திரை.
அது எல்லாவற்றையும் மறந்துவிட்டது,
நான்தான் மறக்க வழியில்லாமல் இருக்கிறேன்.

கார்த்திகையில் ஜெனோஷன் வேலைக்குச் சேர்ந்தான்.
அறுக்குளாப் பெட்டிகளுக்கு ஐஸ் உடைத்துவிட்டு
விறைத்த விரல்களோடு வந்து விளையாடுகிறான்.
கிணற்றுப் படியை இரண்டாம் இரவே கண்டுபிடித்தான்
(எனக்கு மூன்று கிழமை எடுத்தது,
அதை அவனுக்குச் சொல்லவில்லை).
ஆனால் தெற்குச் சுவரை
இன்றைக்கு ஐந்தாம் தரம் கடக்கிறான்.
விளக்கை உயர்த்திப் பிடித்தபடி.

"சொல்லன் மச்சான். பாதி சொல்லு, மிச்சம் நான் பாப்பன்."

நான் வெளியே போய்
ரோட்டில் கடுதாசி மென்றுகொண்டு நின்ற மானை
அது போகும்வரை பார்த்தேன்.
சொன்னால் அவனுக்குக் கதவு கிடைக்கும்.
கதவு மட்டும்.

முதலாளி போன மாதம் ஜெனரேற்றர் வாங்கிவிட்டார்.
இப்போது கரண்ட் போனால்
ஒன்பதே நொடியில்
ஊரிலேயே எங்களுக்கு மட்டும் வெளிச்சம்.
நாற்பது வரை எண்ண இடமில்லை.

நேரம் இரண்டரை.
ஜெனோஷன் முதுகைக் காட்டிக்கொண்டு இருக்கிறான்,
திரையில் மறுபடியும் அந்தச் சுவர்.
என் கை அறை லைட்டின் சுவிட்சில்.

அணைத்தால், சொன்னதாகுமா?

அவன் தலையைத் திருப்பினால் போதும்,
பாளங்கள் பக்கத்திலேயே
அடுக்கிக் கிடக்கின்றன.