காயும்வரை

குழாயைத் திறந்ததும் வருகிற தண்ணீரில்
நெயில் பாலிஷ் விரியாது.
விழுந்த இடத்திலேயே பொத்தான்போல இறுகி நிற்கும்.
அதனால் காலையிலேயே பிடித்து
ஐஸ்கிரீம் வந்த பழைய டப்பாவில்
ஹீட்டருக்குப் பக்கத்தில் வைத்திருந்தோம்.

லியெபாயாவின் காற்று
நாலாவது மாடிவரை ஏறிவந்து
ஜன்னலைப் பிடித்து உலுக்குவது
கண்ணாடியில் உள்ளங்கை வைத்தால் தெரியும்.
காற்று எங்களுக்கு அவ்வளவுதான், ஓர் அதிர்வு.
எனக்கும் விஸ்மாவுக்கும் பிறவியிலேயே காது கேட்காது.
பேச்செல்லாம் கையில்.

முதல் சொட்டு பச்சை.
நேராக அடிக்குப் போய்ப் படுத்துக்கொண்டது.
புட்டி பழசு, தூக்கிப் போடு என்றாள்.
அடுத்தது வெள்ளை.
பட்ட கணமே டப்பா முழுக்கத் தன்னைப் பரப்பி
கிட்டத்தட்ட இல்லாமல் போயிற்று.
அதன் நடுவில் நீலம், நீலத்தின் நடுவில் மறுபடி வெள்ளை,
அதற்குள் துறைமுகத்தில் நிற்கும்
துருப்பிடித்த கப்பலின் சிவப்பு.

பல்குத்தும் குச்சியை ஓரத்தில் வைக்கக் கூடாது.
ஓரம் அதற்குள் காய்ந்திருக்கும்,
இழுத்தால் மொத்தமும் சுருண்டுகொண்டு வரும்.
நடுவிலிருந்து ஓர் இழுப்பு.
வட்டங்கள் மடங்கின.

விரலைச் சுற்றி டேப் ஒட்டினாள், நகம் மட்டும் தெரிய.
படுக்கைவாக்கில் அமிழ்த்து.
அப்படியே இரு.
மிதக்கிற மிச்சத்தைக் குச்சியில் சுருட்டி எடுத்தபின்தான்
விரல் வெளியே வரலாம்.
கட்டைவிரலில் புயல் வந்தது.
சுண்டுவிரலில் நறுக்கிய வெங்காயம்.
ஒன்றைப்போல் இன்னொன்று அமையவே இல்லை,
அமையவும் வேண்டாம் என்றிருந்தது.

பத்தும் முடிந்து
ஈரக் கைகளை மேசைமேல் விரித்து வைத்தேன்.
அப்போதுதான் சொன்னாள்.

பெர்கனில் வேலை.
ஆஸ்பத்திரிச் சலவைக்கூடம்.
மார்ச் ஒன்பது, டிக்கெட் எடுத்தாயிற்று.
வாடகையில் என் பங்கை மே வரைக்கும் கொடுத்துவிடுகிறேன்.

நேரம் பார்த்துத்தான் சொல்லியிருக்கிறாள்!
சண்டைக்காரியின் வாயை முதலில் கட்டிவிட்டு,
அதையும் எவ்வளவு அழகாகக் கட்டிவிட்டு.

கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை என்பார்களே,
எனக்குக் கால் ஓடியது.
மேசைக்கடியில் அவள் முழங்காலைத் தேடி
ஓர் உதை.

புருவத்தைச் சுருக்கினேன்: எப்போதிருந்து?
உயர்த்தினேன்: என்னிடம் சொல்லாமலா?
அதற்குமேல் முகம் தனியாகப் போகாது,
கை கூட வர வேண்டும்.

அவள் நிறுத்தவில்லை.
சம்பளம் என்றாள். கடன் என்றாள்.
அங்கே கைமொழியே வேறு என்றாள்.
ரொட்டி வேண்டுமென்றால்
அவர்கள் என்ன காட்டுவார்கள் என்றுகூட
இன்னும் எனக்கு...
அந்த இடத்தில் அவள் விரல்கள் நடுவிலேயே நின்றுவிட்டன.

நான் கையைத் தூக்கினேன்.
பாதி வார்த்தையில் விரலோடு விரல் உரசி
புயல் வெங்காயத்தின்மேல் ஏறிவிட்டது.
வார்த்தையும் முழுதாக வரவில்லை.
என்ன சொல்ல வந்தாய் என்று அவள் கேட்கவில்லை.
அசிட்டோனை எடுத்துவந்தாள்.
வேண்டாம், இருக்கட்டும் என்று தலையாட்டினேன்.

நன்றாகக் காய்ந்தபின்
இன்னொரு டப்பாத் தண்ணீர் எடுத்தோம்.
இப்போது அவளுடைய பத்து.
டேப் ஒட்டும்போது நான் அவசரப்படவில்லை.
அவளுக்கு மட்டும் நீலம் கூடுதலாக விட்டேன்,
காய நேரமாகட்டும் என்று.

அவள் கைகள் மேசையில் விரிந்து கிடந்தன.
எதிர்ப்பேச்சு கிடையாது.
எவ்வளவோ சேர்த்து வைத்திருந்தேன்,
போன வருஷத்துக் கோட்டுச் சண்டை உட்பட.
கையைத் தூக்கினால் வந்தது இவ்வளவுதான்:

அந்த ஊரிலும் குழாயில் குளிர்ந்துதான் வரும்.
காலையிலேயே பிடித்து வை.

அவள் புருவம் உயர்ந்தது.

ஹீட்டர் சரியில்லாத அறையென்றால்
மூடியை இறுக்கி,
டப்பாவைப் போர்வைக்குள் வை.