எர்த்

ஃபேர்வியூ சாலையில், பதினோராம் மைல் தாண்டி,
வண்டி நின்றுபோனது.
பெட்ரோல் முள் அப்போதும் 'ஃபுல்' என்ற எழுத்துக்கு அந்தப் பக்கம்
உண்டு முடித்தவன்போல் சாய்ந்து கிடந்தது.
அக்டோபர். இரவு இரண்டு மணி.
சர்க்கரைப் பீட் ஏற்றிய லாரிகள் என்னைக் கடந்து
ஆலைக்குப் போய்க்கொண்டிருந்தன.
ஒரு கிழங்கு தெறித்து, உருண்டு,
என் டயரில் முட்டி நின்றது.

எண்பத்தேழாம் வருஷத்து செவர்லே பிக்கப்.
விற்ற லைல் பிராண்ட்வோல்ட் கதவைத் தட்டிச் சொன்னான்:
"டேஷ்போர்டில் எல்லா முள்ளும் வேலை செய்யும், வெர்னா."
பொய் இல்லை. செய்தன.
என்ன வேலை என்று நான்தான் கேட்கவில்லை.

மறுநாள் தூங்காமல் டாங்கின் அடியில் படுத்தேன்.
சென்சாரின் ரோஸ் வயரை உருவி
நீளக் கம்பி ஒன்றால் பேட்டரி மைனஸோடு சேர்த்தேன்.
ஊர்ந்து வெளியே வந்து பார்த்தால்
முள் காலியில்.
ஆக, முள் நல்லது. வயரும் நல்லது.
மீதி ஒரு போல்ட். எர்த் வயரைச் சட்டத்தோடு
பிடித்திருப்பதாகப் பாவனை செய்த போல்ட்.
துரு அதைத் தின்றுவிட்டு
உருவத்தை மட்டும் விட்டுவைத்திருந்தது.

திரும்பி வர வழியில்லாத மின்சாரம்
இந்த வண்டியில் 'காலி' என்று சொல்லாது,
'நிறைய' என்று சொல்லும்.
எவன் வரைந்தானோ.

நான் ஆலையின் ஆய்வகத்தில் இரவு ஷிஃப்ட்.
லோடுக்கு லோடு கிழங்கை அரைத்துச் சர்க்கரை அளந்து எழுதுகிறவள்:
பதினேழு புள்ளி நாலு, பதினெட்டு புள்ளி ஒன்று.
ஷிஃப்டுக்கு இருமுறை கருவியில் வெறும் தண்ணீர் வைப்பேன்.
தண்ணீருக்கு சைபர் காட்டாத கருவி
இனிப்பைப் பற்றி என்ன சொன்னாலும் செல்லாது.
வீட்டுக்குக் கூட்டிப்போகும் வண்டிக்கு
அந்தச் சட்டத்தைப் போடவில்லை.
நாற்பது மைல் ஓடியும் குளிர்ந்தே கிடந்த சூட்டு முள்ளைப் பார்த்து
என்ன எஞ்சின் என்று மெச்சிக்கொண்டிருந்திருக்கிறேன்.
காலையில் ஸ்டார்ட்டர் முனகியதற்குக் குளிரைத் திட்டினேன்.
ஆக்சிலரேட்டர் கேபிள் ஏன் சுடுகிறது என்பதை மட்டும்
யாரிடமும் கேட்கக் கூச்சமாக இருந்தது.

எஞ்சினுக்குப் பின்னால், கண் எட்டாத, கை மட்டும் எட்டும் இடத்தில்
பின்னல்போல் ஒரு செம்புப் பட்டை.
இழுத்தேன். நாலு இழை மிச்சம்.
மற்ற மின்சாரமெல்லாம்
அந்தக் கேபிள் வழியாக ஊர் சுற்றி வீடு சேர்ந்திருக்கிறது.

புதுப் பட்டை ஒன்பது டாலர்.
மாட்டி, சாவியைத் திருப்பினேன்.
பெட்ரோல், கால் பங்கு: சரி.
சூடு மெல்ல ஏறி நடுவில் நின்றது: சரி.
மூன்று மாதமாக அறுபதில் நிமிர்ந்து நின்ற ஆயில் முள்
எஞ்சின் காயக் காய
இறங்கி
பத்துக்கும் கீழே போய்ப் படுத்துக்கொண்டது.

பட்டையைத் திரும்பக் கழற்றிவிடலாமா என்று யோசித்தேன்.
மறைக்க மாட்டேன், யோசித்தேன்.

எமில் கோசான்கி தன் கருவியைக் கொண்டுவந்தான்.
வயர் இல்லை, எர்த் வேண்டாம்;
ஆயிலே குழாயில் ஏறி முள்ளைத் தள்ளும் வகை.
திருகி மாட்டினான். கண்ணாடியை நகத்தால் சுண்டினான்.
"ஏழு."
இன்னொரு முறை சுண்டினான். ஏழுதான்.
அடியிலிருந்து டக் டக் என்று ஒரு சத்தம்.
முன்பும் கேட்டிருக்கும்.
அறுபது என்று பார்க்கிற கண்ணுக்கு
காது எதற்கு.

அணைத்தேன்.
அறுவடை முடிய இன்னும் பதினெட்டு நாள்.
"ஷிஃப்டுக்கு நான் ஏற்றிக்கொண்டு போகிறேன்" என்றான் எமில்.
அவன் வண்டியில் ஏறி உட்கார்ந்தேன்.
பெட்ரோல் முள், ஃபுல்.

"எப்ப போட்டே?" என்றேன்.

எமில் கொஞ்சம் யோசித்தான்.