இருபத்தேழாவது கதிரை

பதிவேட்டில் கோடு போட்ட பக்கங்கள் முடிந்துவிட்டன.
பின்னட்டையின் உட்புறத்தில் எழுதுகிறேன்:
ஹம்தான், ஆறு வயது, ஜிந்துப்பிட்டி.

விளையாட்டுச் சாமான் அறையாக இருந்தது இது.
விசேட அலகு என்று பலகை மாட்டி
ஒன்பது கதிரை தந்தார்கள்.
உயரம் பாய்கிற கம்பி மட்டும்
போக இடமில்லாமல் மூலையிலேயே நிற்கிறது.
அதைத் தொடாமல் நிஷேதன் உள்ளே வரமாட்டான்,
வெளியே போகவும் மாட்டான்.

கூட்டித் துடைக்க வந்த மெடோனா அக்கா
ஒரு கையில் ஈர்க்குமாறு, மறு கையில் யாராவது ஒரு பிள்ளை.
பாதி வகுப்பு அவவிடம்தான்.
சம்பளம், கூட்டுவதற்கு மட்டும்.

வலயக் கந்தோரிலிருந்து கடிதம்:
எண்ணிக்கை கூடியதற்கான காரணங்களைக் குறிப்பிடுக.
கீழே மூன்று வரி.

போன்தான் மிஸ், என்றார் கன்டீன்காரர்
போனிலிருந்து கண்ணெடுக்காமல்.
கொரோனா நேரம் பிறந்ததுகள் இப்படித்தான்
என்றார் வான் சாரதி.
தாய் வேலைக்குப் போனால்,
கண்ணூறு பட்டால்,
பிந்திக் கலியாணம் கட்டினால்,
சொந்தத்துக்குள்ளே கட்டினால்.
உங்களுக்கு நல்ல பெயர் மிஸ், அதுதான் வருகினம்
என்று அதிபர் கையெழுத்துப் போட்டார்.

எனக்கு மரியநாயகியின் ஞாபகம் வந்தது.
மூன்றாம் வகுப்பு, கடைசி வாங்கு.
கொப்பியின் ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும்
ஒரே ஒரு புள்ளி வைப்பாள்.
டீச்சர் அடித்தால்
அடியையும் எண்ணுவாள்.
ஒரு திங்கட்கிழமை வரவில்லை.
பிறகும் வரவில்லை.
வாங்கில் இடம் கிடைத்ததென்று
நான் சந்தோஷப்பட்டேன்.
அந்த வருஷமும் ஏதோ படிவம் போயிருக்கும்.
எண்ணிக்கை: இல்லை.

ஹம்தானின் உம்மா
பொரளையில் விடியப்புறம் வரிசைக்குப் போய்
அறுபத்துநாலாம் நம்பர் எடுத்தாவாம்.
பட அட்டையைக் காட்டிச் சிங்களத்தில் கேட்டார்களாம்.
அவர் தமிழாக்கி முடிக்கும் முன்னமே
அடுத்த அட்டை.
பிள்ளை மேலே சுற்றுகிற காற்றாடியைப் பார்த்தானாம்.
துண்டில் எழுதியிருக்கிறது: பேச்சு இல்லை.
திரும்பி வந்த பஸ்ஸில்
கொண்டக்டருக்கு ஒரு தரிப்பு முந்தியே
இவன் கூவிக்கொண்டு வந்தானாம்.
அதை எங்கே எழுதுறது மிஸ், என்று கேட்டா.
படிவத்தைப் புரட்டிப் பார்த்தேன்.
அதற்கு இடம் விடவில்லை.

என் கதிரையை அவனுக்குக் கொடுத்தேன்.
அவன் மேசைக்குக் கீழே போய் இருந்துகொண்டான்.
என் செருப்பு வாரைப் பிடித்தபடி
மருதானை, மருதானை,
பஞ்சிகாவத்தை,
ஆமர் வீதி.
மேலே நான் கடிதத்தை நிரப்புகிறேன்.
முதல் வரியில்: கதிரை பதினெட்டு.
இரண்டாம் வரியில்: தமிழில் கேட்கத் தெரிந்த ஒருவர்.
மூன்றாம் வரியில் மெடோனா அக்காவின் முழுப்பெயர்.
காரணம் கேட்டது அப்போதுதான் ஞாபகம் வந்தது.
அழிக்கவில்லை.

கொட்டாஞ்சேனை!
என்று கீழேயிருந்து ஒரு குரல்.
மணி அடிக்க இன்னும் கொஞ்சம் இருந்தது.
நிஷேதன் எழும்பிப் பையை மாட்டி,
கம்பியைத் தொட்டு,
இறங்கிப் போனான்.