மணம் என்ற கட்டம்

அந்தியூரிலிருந்து ஏறும்போதே
மூன்று தடவை ஜீப்பை நிறுத்தச் சொன்னேன்.
மூன்றும் பார்த்தீனியம்.
வண்டி ஓட்டத்தில் கீறிய இலைக்கெல்லாம் ஒரே முகம்.
இறங்கிப்போய் இலையைத் திருப்பினால்
அடியும் பச்சை.
அதற்குப் பிறகு சென்னியப்பன்
எஞ்சினை அணைப்பதையே விட்டுவிட்டார்.

தேடுவது மாசிப்பத்திரி.
கையில் நகல் எடுத்த ஒரு தாள்:
பர்கூர் மலை, தாமரைக்கரைக்கு மேற்கே,
ஓடையை ஒட்டிய புல்சரிவு.
எழுபத்திரண்டு வருடம் முந்திய பேனா.
ஓடை இருக்கிறது.
புல் இருந்த இடத்தில் முக்கால்வாசி உண்ணிச்செடி.

அடையாளம் நான்கு, மனப்பாடம்.
தண்டில் நீளவாக்கில் வரி.
கீறிக் கீறிப் பிளந்த இலை.
அடிப்பக்கம் வெள்ளைப் பஞ்சு.
நசுக்கினால் மணம்.

நான்காவது எனக்கு ஆகாது.
அலுவலகத்தில் சொல்லவில்லை.
காய்ச்சல் வந்துபோன வருடத்திலிருந்து
மூக்கு எனக்குக்
கண்ணாடி மாட்ட மட்டும்.
பால் தீய்ந்தால்
கீழ்வீட்டிலிருந்து வந்து கதவு தட்டுவார்கள்.

பகல் ஒன்றரை.
ஆயிரத்து நூற்று நாற்பது மீட்டர்.
செம்மறை மாடுகள் இரண்டு
கிடைத்ததையெல்லாம் மேய்ந்துகொண்டே வந்து
ஒரு புதரை மட்டும் சுற்றிக்கொண்டு போயின.
குறிப்புதான். போதாது.

அப்போது ஓடைப் பக்கமிருந்து காற்று ஏறியது.
சரிவில் ஒரு துண்டு மட்டும்
சட்டென்று வெளுத்தது,
வேட்டியை உதறினாற்போல்.
காற்று நின்றதும் மறுபடி பச்சை.
ஓடினேன்.

வரி இருந்தது. பிளவு இருந்தது.
விரலில் பஞ்சு ஒட்டியது.
லென்ஸுக்குள் கடுகளவு மொட்டுகள், தலை கவிழ்ந்து.
நசுக்கினேன்.
ஈரம். அவ்வளவுதான்.

"மோந்து பாருங்க" என்று நீட்டினேன்.
சென்னியப்பன் கண்ணை மூடிக்கொண்டார்.
"மரிக்கொழுந்தாட்ட இருக்குதுங்."
பிறகு, "இல்லீங், பாதிதான் அது. மீதி கற்பூரம்."
மறுபடி முகர்ந்தார்.
"எங்க மச்சானுக்குப் போட்ட மாலைங்.
மக்யா நாளு மழையில நனஞ்சு
காட்டோரமாக் கெடந்துச்சு.
அந்த வாசம்."

மரிக்கொழுந்து இதற்குப் பங்காளி என்று
நான் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை.
இலையைத் திருப்பித் தராமல்
வைத்துக்கொண்டு நின்றார். கேட்கவில்லை.

செய்தித்தாளில் கிளையை விரித்தேன்.
ஈரோட்டு மஞ்சள் விலைப் பக்கம்;
விரலி இவ்வளவு, கிழங்கு இவ்வளவு
என்ற வரிகளின் மேல்
ஓர் இலையை மட்டும் வெள்ளை தெரியத் திருப்பி வைத்தேன்.
படிவத்தில் உயரம், மண், தேதி.
மணம் என்ற கட்டத்தில்
'மரிக்கொழுந்து, சற்றுக் கற்பூரம்.'
மச்சானுக்கு அதில் இடமில்லை.
ஓரத்தில் பொடி எழுத்தில் சேர்த்தேன்:
முகர்ந்தவர், சென்னியப்பன், அந்தியூர்.

இறங்கும்போது,
வளைவு முடிந்து நேர்ப்பாதை வந்த போதெல்லாம்
ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து
மூக்கருகே கொண்டுபோனார்.
நான் என் விரல்களைப் பார்த்தேன்,
நகக்கண்ணில் பச்சை.
வழியெல்லாம் பார்த்தீனியம் பூத்திருந்தது.