ஒரு கரிமம் குறைவு

ஐந்தாம் படிவத்துக்கு ஸ்பிரிட் விளக்கை ஏற்றிக் காட்டுகிறேன்.
எத்தனால். புகை இல்லை, கரி இல்லை.
மேலே பீக்கரைக் கவிழ்த்தால்
உள்ளே வியர்க்கிறது:
எரிந்து முடிந்தால் அதுவும் தண்ணீரும் காற்றும்தான்.

மெத்தனாலும் இதே சாதி,
ஒரு கரிமம் குறைவு.
வெயிலில் அதன் தீ கண்ணுக்குத் தெரியாது.

செம்பனை ஆலைக்குப் பின்னால்
மலிவாய்க் கிடைத்த சம்சுவில்
மச்சான் சடையனுக்கு வெயிலே தெரியவில்லை.
உள்ளே போய் எறும்பின் அமிலமாகிக்
கண்ணைக் கடித்திருக்கிறது.

எத்தனாலே மாற்று மருந்து, என்றார் டாக்டர்.

சம்பள நாள்தோறும்
போத்தலை லோங்காங்கில் கவிழ்த்த அக்கா
மணிக்கொரு தரம்
மருந்து மூடியில் விஸ்கி அளந்து
வாயில் ஊற்றுகிறாள், சிந்தாமல்.

"லைட்ட போடு, அஞ்சலை."

எரிந்துகொண்டுதான் இருக்கிறது.